ரீஸ்டார்ட் டீச்சர் லேபைத் துடைத்த கதை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் லேபில் எந்தப் பிள்ளை எந்தக் குறையோடு வந்தாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்பதுதான் அவள் கொடுக்கும் முதல் மருந்து. அதனால் ரீஸ்டார்ட் டீச்சர். வாட்ச்மேன்கூட முட்டி வலிக்கிற நாளில், "என்னையும் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி விடுங்க டீச்சர்" என்பார்.

வேலை தற்காலிகம்தான். வாங்கிக் கொடுத்தவள் அதே பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருக்கும் நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். கணவன் வேலை போய் வீட்டோடு கிடந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் ஒருத்தியை நம்பி. இந்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவதாக ஹெட்மாஸ்டர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நாத்தனாருக்கு அது போதாதா? இன்னும் கைக்கு வராத வேலைக்கு ஸ்டாஃப் ரூம் முழுக்க வாழ்த்து வாங்கி முடித்துவிட்டாள்.

லேபோ சந்தி சிரித்தது. எல்லா மெஷினிலும் ஓடிய சிஸ்டம் திருட்டுக் காப்பி. பாடம் நடக்கும்போதே திரை கறுத்து, 'இது அசல் அல்ல' என்று மானத்தை வாங்கும். ஒரு பென் டிரைவைச் செருகினால் போதும், மழைக்காலச் சளி மாதிரி வரிசையாக எல்லா மெஷினுக்கும் வைரஸ். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அதற்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போடலாம் என்று ஹெட்மாஸ்டரிடம் போனாள். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம், யாரும் திருடன் என்று கைநீட்ட முடியாது என்றாள்.

"சும்மாவே குடுக்கறானா?" ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என் கல்யாணத்துக்குக்கூட ஒரு சுவர்க்கடிகாரம் சும்மாதான் வந்துச்சு. இன்னிவரைக்கும் ஒரு நாள் சரியான மணி காட்டினதில்லம்மா."

"பழைய மெஷின்லயும் நல்லா ஓடும் சார். பிராக்டிகல் பரீட்சை நடுவுல நின்னு தொலைக்காது."

"நின்னா?"

"நான் பொறுப்பு சார்."

வெள்ளிக்கிழமை மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரவர் ப்ராஜெக்டை லேபின் பென் டிரைவில் போடச் சொன்னாள். வருஷம் முழுக்கச் செய்த வேலை அது. அடுத்த புதன்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வந்து அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். பிள்ளைகள் போனபின் பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். ஒரு பெயர்கூட விடுபடவில்லை. நிம்மதியாக, விடுமுறை இரண்டு நாளும் உட்கார்ந்து, ஒவ்வொரு மெஷினாக முழு டிஸ்கையும் துடைத்து லினக்ஸ் ஏற்றி, பென் டிரைவிலிருந்ததை அந்தந்த மெஷினில் திரும்பப் போட்டாள்.

திங்கள் காலை மெஷின்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றன. பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்குமுன் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், என் ப்ராஜெக்ட் தொறக்க மாட்டேங்குது."

"ரீஸ்டார்ட்..." என்று ஆரம்பித்தவள், "எனக்கும் டீச்சர்", "எனக்கும்" என்று நாலா பக்கமும் குரல் வரவும் வாயை மூடிக்கொண்டாள். பென் டிரைவைத் தன் மெஷினில் போட்டுப் பார்த்தாள். எல்லாக் கோப்பும் ஒரே அளவில், கடுகளவு.

வருஷ ஆரம்பத்தில் ஒரு பையன் தன் வேலையைத் தெரியாமல் குப்பைத் தொட்டியில் தள்ளிவிட்டான். அன்றைக்கு இவள்தான் உஷாராகி, எல்லாருடைய அசல் கோப்பையும் உள்ளே ஒரு ஃபோல்டரில் ஒளித்துவைத்து, முன்திரையில் அங்கே போக வழிகாட்டும் ஷார்ட்கட் மட்டும் விட்டிருந்தாள். பிள்ளைகள் கண்ணில் பட்டதைக் காப்பி பண்ணிப் போயிருந்தார்கள். வீட்டுச் சாமானை எடுத்து வரச் சொன்னால், வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டு வந்த மாதிரி. வீட்டைத்தான் இடித்தாயிற்றே.

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் கருவி ஒன்றை ஓடவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. பழைய சிஸ்டத்தோடு வந்த பூப்படம் கிடைத்தது. எவனோ ஒளித்துவைத்த பாதிப் பாட்டு கிடைத்தது. ஒரு ப்ராஜெக்ட்கூட உருப்படியாக வரவில்லை. மெஷின் மாற்றி மெஷின் போனாள்.

விஷயம் ஆபீசுக்கு எப்போதோ போய்விட்டது. நாத்தனார் வந்து கதவைச் சாத்தினாள்.

"புது சாஃப்ட்வேர் தின்னுடுச்சுன்னு சொல்லு."

"அது திங்கல அண்ணி. நான்தான் அழிச்சேன்."

"அது உனக்கும் எனக்கும் இந்த மெஷினுக்கும்தான் தெரியும். மெஷின் வாயத் தொறக்காது, நானும் தொறக்க மாட்டேன்."

அந்த வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"உண்மைய சொல்லி வேலைய விட்டுட்டு வந்தா, என் தம்பி மூஞ்சில எப்படி முழிப்பே? வேலை போனதுலேருந்து அவன் பாதிச் சோறுதான் திங்கறான், பாக்கறே இல்ல?"

பார்க்காமலா இருந்தாள்? அதனால்தான் ஹெட்மாஸ்டர் அறை வரைக்கும் பொய்யை மனப்பாடம் பண்ணிக்கொண்டே நடந்தாள்.

அவளுக்கு அந்தச் சிரமமே வைக்கவில்லை அவர். "அந்த ஓசி சாமான்தானே? நான் அப்பவே சொன்னேன்!" முகத்தில் கோபத்தைவிடச் சந்தோஷம் அதிகம். தலையை ஆட்டினால் போதும், தப்பித்தாள். ஆட்டியும்விட்டாள்.

"மொத்தத்தையும் கழட்டி எறிங்க. பழையதையே திரும்பப் போடுங்க. முடியற வரைக்கும் ஒரு பிள்ளை லேப்புக்குள்ள கால் வைக்கக் கூடாது."

திருப்பிப் போட இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளில் புதன்கிழமை வந்துவிடும். பிள்ளைகளிடம் மிச்சமிருந்தது அந்த இரண்டு நாள்தான்.

"சார்," ஒரு அடி முன்னால் வந்தாள். "சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. நான்தான் பேர மட்டும் பாத்துட்டு, ஒவ்வொரு ஃபைலா தொறந்து பாக்காம அழிச்சுட்டேன். லேப்ப மூடாதீங்க சார். பிள்ளைங்க உக்காந்து திரும்பச் செய்யட்டும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பரீட்சை வரைக்கும் இருங்க. நிரந்தரப் பேச்ச இனிமே எங்கிட்ட எடுக்காதீங்க."

வெளியே நாத்தனார் நின்றிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனாள்.

லேபில் அவள் சொன்னதும் பிள்ளைகள் ப்ராஜெக்டை முதலிலிருந்து தட்டத் தொடங்கினார்கள். காலையில் முதலில் எழுந்த அந்தப் பெண் மட்டும் வெறும் திரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே ஞாபகம் வரல டீச்சர்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல் பக்கம் எப்படி இருந்துச்சு?"

"நீலமா இருந்துச்சு."

"சரி, நீலத்த முதல்ல போடு. அப்புறம்?"

பைக்குள் போன் அதிர்ந்தது. கணவன்தான். நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவள் பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "அப்புறம் என்ன இருந்துச்சு, சொல்லு" என்றாள்.