கூறு வைத்த மீன்கள்

லண்டன் ஓரத்தில் இருந்த ஒரு ராணுவ முகாமில், அதிகாரிகள் சாப்பிடும் மண்டபத்துக் குசினியில் நான் இரண்டு வருடம் வேலை செய்தேன். எண்பதுகளின் கடைசி அது. பாத்திரம் கழுவுவது, கிழங்கு உரிப்பது, தரை துடைப்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன வேலை தருவார்கள். வாய் திறக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

வேலையை எடுத்துத் தந்தவர் அங்கேயே வேலை செய்த ஒரு அக்கா. சொந்த அக்கா இல்லை, யாழ்ப்பாணத்துக்காரர். தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டு மேலறையில்தான் நானும் என் ஏழு வயது மகளும் இருந்தோம். கணவர் மெட்ராசில் நின்றார். என் அகதி விண்ணப்பம் சரிவந்தால்தான் அவரைக் கூப்பிடலாம். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அந்த வீட்டு விலாசம். விசாரணைக் கடிதம் எந்த நாளும் வரலாம், விலாசத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று வக்கீல் பலமுறை சொல்லியிருந்தார். அந்த அறையை விடக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

"நீர் எந்த ஊர்?" என்று அக்கா முதல் நாளே கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஊரைச் சொன்னேன். என் ஊர் கடற்கரை. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா சந்தையில் மீன் விற்றவர். அதைச் சொன்னால் லண்டனிலும் அறை கிடைக்காது என்பது வந்த கிழமையே எனக்கு விளங்கிவிட்டது.

முகாமுக்குள் ஒரு குளம் இருந்தது. வசந்தத்தில் லொறியில் டிரௌட் மீன்களைக் கொண்டுவந்து அதற்குள் விடுவார்கள். பிறகு அதே மீன்களை அதிகாரிகள் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். பிடித்ததைக் கையளவு தடியால் தலையில் ஒரு தட்டு. தட்டு பிழைத்தால் மீன் கூடைக்குள் கிடந்து வாலை அடிக்கும். அவர்கள் பக்கத்தில் நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வருடம், ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி வைத்தார்கள். ஐந்தாறு கூடை மீன் குசினிக்கு வந்தது. எங்கள் சமையல்காரர் ஒரு சார்ஜன்ட், சிவந்த முகம். அன்று காலை கையை வெட்டிக் கட்டுப் போட்டிருந்தார். மீனை வெட்ட ஏலுமா என்று அக்காவைக் கேட்டார். அக்கா மூக்கைச் சுளித்தார். சார்ஜன்ட் என்னைக் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

கத்தி கையில் வந்த பிறகு எனக்கு வேறு நினைவு இல்லை. செவுளுக்குள் விரலை விட்டு ஒரே இழுவை, குடல் முழுவதும் பித்தப்பை உடையாமல் வந்துவிடும். சினையைப் புறம்பாக எடுத்து வைத்தேன். கண் மங்கிய மீன் ஒன்றை முகர்ந்து பார்த்து வாளிக்குள் எறிந்தேன். வெட்டியவற்றை மேசையில் அடுக்கினேன். எப்படி அடுக்குகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. முடிந்து நிமிர்ந்தபோது உருக்கு மேசை முழுவதும் கூறு கூறாக இருந்தது. எங்கள் சந்தையில் விற்பதற்கு வைப்பதுபோல, ஐந்து ஐந்தாய், சின்னது அடியில், பெரியது மேலே, தலையெல்லாம் வாங்குபவர் பக்கம்.

சார்ஜன்ட் விசிலடித்தார். அக்கா மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

"வடிவாய்க் கூறு வைச்சிருக்கிறாய்," என்றார். "கொம்மா எந்தச் சந்தையிலை இருந்தவ?"

என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார். நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"கேக்கிறன், காதிலை விழேல்லையோ? எத்தினை மாசமாய் என்ரை அடுப்பிலை சமைச்சனீ."

அன்று பின்னேரம் அக்கா தன் வீட்டு அடுப்பையும் சட்டிகளையும் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மேலே இருந்து எனக்குச் சத்தம் கேட்டது. அடுத்த நாளிலிருந்து, தனக்குச் சமையல் முடிந்த பிறகு, பின்பக்கக் கொட்டிலில் இருந்த சின்னக் காஸ் அடுப்பில்தான் நான் சமைக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் அவர் மேல்தட்டுக்கு ஏறிப்போவார், நான் கீழே இருப்பேன். என் மகளுக்குத் தினமும் பால் காய்ச்சிக் கொடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஆனால் தன் கோப்பைக்குப் பதிலாக ஜாம் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள்.

"அம்மா, எனக்கு மட்டும் போத்தல். அன்ரி எனக்கெண்டே எடுத்து வைச்சிருக்கிறா."

"ஓம், குடி," என்றேன்.

ஐப்பசியில் அக்கா படியடியில் நின்று சொன்னார்: "கார்த்திகை முடிய அறையை விடு. என்ரை தங்கச்சி வாறா."

அவருக்குத் தங்கை இல்லை.

"கடிதம் வருமட்டும் இருக்க விடுங்கோ அக்கா. அவரைக் கூப்பிட வேணும்."

"கடலிலை கிடந்த சனம், உங்களுக்கு எங்கையும் இருக்க ஏலும்தானே."

அந்தக் கார்த்திகையில்தான் முகாம் காட்டில் வேட்டை வந்தது. வேட்டை என்றால் காட்டுப் பறவை இல்லை. சேவலைப் போல நீள வாலுள்ள பெசன்ட் என்ற பறவை. குஞ்சிலேயே வாங்கி ஒரு சிப்பாய் வளர்ப்பான். விசிலடித்துச் சோளம் போடுவான். வேட்டை நாளில் மற்றச் சிப்பாய்கள் தடியால் பற்றையை அடித்துக் கலைப்பார்கள். பறந்தவை அதிகாரிகளின் துவக்குச் சூடுபட்டு விழும். பறக்காத சிலது அந்தச் சிப்பாயிடம்தான் ஓடும். அவன் அவற்றைக் காலால் தட்டித் திரும்ப எழுப்பிவிடுவான். குசினிப் பின்கதவில் நின்று பார்த்தேன்.

மத்தியானம் பறவைகளைப் பின்முற்றத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். நாலு இன்னும் சாகவில்லை. சிறகு உடைந்து கிடந்து இழுத்தன. சார்ஜன்ட் அக்காவைக் கூப்பிட்டு, கழுத்தைத் திருகி முடி, கெதியாய், ஏலாதென்றால் இந்த வேலைக்கு வெளியே எத்தனையோ பேர் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ செய்."

"எனக்கு ஏலாது அக்கா."

"மீனை அப்பிடி வெட்டினனீ."

"மீன் வெட்டத்தான் தெரியும். நாங்கள் கடற்கரை ஆக்கள்."

என் வாயால் அதை நான் சொன்னது அன்றுதான். அக்கா கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"இஞ்சை பாரும். இதை எனக்குச் செய்து தாரும். கடிதம் வருமட்டும் இரும். அவர் வந்தாப் பிறகும் இரும். நான் ஒண்டும் சொல்லன்."

எங்கள் வீட்டில் கோழி அடித்தது நான்தான். ஒரு பறவைக்கு ஒரு நொடி போதும், அதற்கு நோவும் தெரியாது. அறையை நினைத்தேன். மெட்ராசில் நின்ற மனுசனை நினைத்தேன். இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எனக்கு ஏலாது," என்றேன்.

அக்கா ஒன்றைப் பிடித்துத் திருகினார். கழுத்து முறியவில்லை. பறவை கையை உதறிக்கொண்டு விழுந்து, தலை ஒருபக்கம் தொங்க, முற்றத்தைச் சுற்றி ஓடியது. சார்ஜன்ட் ஜன்னலால் பார்த்துச் சிரித்து, இன்னும் இரண்டு பேரைப் பார்க்கக் கூப்பிட்டார். அக்கா அழுதுகொண்டே அதைத் துரத்தினார். பிடித்து, நிலத்தில் வைத்துச் சப்பாத்தால் மிதித்தார். முதல் மிதிக்கு அது சாகவில்லை. மற்ற மூன்றையும் அப்படித்தான். கடைசிப் பறவை என் காலடிக்கு இழுத்து இழுத்து வந்தது. நான் குனியவில்லை.

நான் சும்மா நின்றது பாவம் பார்த்தோ பயந்தோ இல்லை. அக்கா அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்க இதமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை எங்கள் இரண்டு சூட்கேசும் வாசலில் இருந்தன. அக்கா கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். லூயிஷாமில் ஒரு குடும்பத்தோடு, சுவரில் பூஞ்சணம் பிடித்த அறை ஒன்றில் ஒதுங்கினோம். முகாம் வேலைக்கு நான் திரும்பிப் போகவில்லை. வக்கீலுக்குப் புது விலாசம் எழுதிக் கொடுத்தேன். அதற்கிடையில் விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதி அக்கா அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். நான் விசாரணைக்கு வரவில்லை என்று விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். அதைத் திரும்பத் திறக்க ஒன்றரை வருடம் போனது.

கணவர் வந்து இறங்கியபோது மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் மெலிந்திருந்தார். இருமிக்கொண்டே, ஏன் இவ்வளவு காலம் பிந்தியது என்று என்னைக் கேட்டார்.

"விலாசம் மாறிப் போச்சு," என்று சொன்னேன்.