முடிக்கொத்து வாழைக்கு அடித்த கடல்பாசி

1. பாதிப் பேச்சு

கடல்பாசிச் சாறு விற்கும் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்த முதல் நாள், தேனியில் ஒரு ஹோட்டலில் டிரெய்னிங். ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் வந்து, சில கடல்பாசிகளில் உள்ள சர்க்கரைப் பொருட்கள் சில வைரஸ்களைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கின்றன என்று படம் போட்டுக் காட்டினார். "இதெல்லாம் லேப்ல, கண்ணாடித் தட்டுல பார்த்தது. வைரஸ் வந்த வாழையை இது குணப்படுத்தும்னு யாரும் சொல்லிடாதீங்க" என்றும் சொன்னார்.

டீ இடைவேளையில் மேனேஜர் என் தோளைத் தட்டினார். "கடைசியாச் சொன்னதை விட்ருப்பா. வெள்ளாமை பாக்குற சம்சாரி குழம்பிருவாரு."

நானும் விட்டுவிட்டேன். வயது முப்பது, டார்கெட் பயம். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

2. அனுமந்தன்பட்டி

காசிராசன் அண்ணனுக்கு அனுமந்தன்பட்டியில் வாழைத்தோட்டம். நாலைந்து மரங்களில் முடிக்கொத்து விழுந்திருந்தது. இலை விரியாமல் உச்சியில் கொத்தாக நிற்கும் வைரஸ் நோய் அது. அசுவினிப் பூச்சி பரப்பும்; நோய் பிடித்த தோட்டத்துக் கன்றோடும் போகும். நோய் வந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் வழி. தோட்டக்கலை ஆபீஸிலும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"குலை தள்ளப் போற நேரத்துல வெட்டச் சொல்றாகப்பா. மனசு வரல" என்றார் அண்ணன்.

"வெட்ட வேணாம்ணே. நம்ம மருந்து வைரஸையே தடுக்கும்."

இரண்டு தடவை அடித்தோம். சுற்றியிருந்த மரங்கள் தளதளவென்று வந்தன. அது சாற்றிலிருந்த சத்தினால் வந்த பச்சை; நோய் அப்படியே இருந்தது. நான் போட்டோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட்டேன். மேனேஜர் கைதட்டும் படம் அனுப்பினார்.

அந்தப் பச்சையை நம்பி அண்ணன் ஒரு காரியம் செய்தார். மகள் செல்வியை வடுகபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் வீட்டில் முதன்முதலாக வாழை வைத்தால், கன்று தகப்பன் தோட்டத்திலிருந்துதான் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இந்தத் தோட்டத்துக் கன்றுகளைப் பெயர்த்து, வண்டி நிறைய ஏற்றினார். கயிறு கட்டிக் கொடுத்தது நான்தான்.

3. வடுகபட்டி

சில மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். "கெளம்பி வடுகபட்டிக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போய்ச் செல்வியின் தோட்டத்தைப் பார்த்தேன். வரிசை வரிசையாக முடிக்கொத்து. வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது குணமாகாதுன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தெரியும்ணே."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். செல்விதான் அரிவாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பா குடுத்த கன்னு. அவுக வெட்ட மாட்டாக. நீங்க வெட்டுங்க."

வெட்டினேன். வெட்டிச் சாய்த்து, கிழங்கைத் தோண்டி, குவித்துப் போட்டேன். கையில் கொப்புளம் எழுந்தது. அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெட்ட வேண்டிய மரத்தை வெட்டச் சொல்வதும் நம் வேலைதான். நாலைந்து மரத்துக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தோட்டத்தையே வெட்ட வேண்டியதாயிற்று.