அப்பா கேட்ட தெரு

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மூத்த மகன் என்ற முறையில் இந்த நினைவு மலருக்காக அப்பாவின் வாழ்க்கையைத் தேதிவாரியாக எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாளாக உள்ள ஜூன் முதல் தேதி வாத்தியார் போட்டது. கருங்குழிக்கு அருகே எங்கள் ஊர்க் காலனியில், அடைமழைக் காலத்தில் பிறந்தார் என்பது மட்டுமே உறுதி.

தாத்தா கூலி வேலை செய்தவர். ஊரின் பெரிய தெருவில் யார் இறந்தாலும் சவ ஊர்வலத்தின் முன்னால் பறையடித்துச் சென்றவர். அவர் இறந்தபோது அதே தெரு வழியாக அவரை எடுத்துச் செல்ல விடவில்லை. முழங்கால் சேற்றில், வயல் வரப்பு வழியாகத்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அப்பா அப்போது பள்ளி மாணவர். வழியில் பாடை ஒருமுறை சரிந்தது என்பார். 

ஒரு நாட்டின் விழுமியங்கள் எங்கே பிறக்கின்றன என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு அவை அந்த வரப்பில் பிறந்தன. தீண்டாமையை ஒழித்த, அரசியலமைப்பின் பதினேழாவது பிரிவை அவர் பிறகுதான் படித்தார்.

செங்கல்பட்டு–கல்பாக்கம் தடத்தில் பேருந்து நடத்துநராக இருந்தார். பக்கத்தில் உட்காருபவரைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம், "பஸ்ஸு கவர்மெண்டுது. புடிக்கலன்னா நின்னுகினு வா, நைனா" என்பார்.

குடும்பம் புதுப்பட்டினத்துக்கு வந்த பிறகும், காலனியில் யார் இறந்தாலும் ஊருக்குப் போய், பாடையை அவர்கள் தெரு வழியாக எடுத்துப்போகப் பெரிய தெருக்காரர்களிடம் சம்மதம் கேட்பார். ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். திரும்பி வந்து, கால் கழுவி, சாப்பிட உட்காருவார். பார்த்துப் பார்த்து எங்களுக்கே அலுத்துவிட்டது.

"இன்னாப்பா இது, எப்பப் பாரு இதே பேஜாரு. கலெக்டராண்ட போனா போலீசு வரும்ல?" என்றாள் தங்கை.

"போலீச வச்சிகினு போனா அது அன்னிக்கு ஒரு நாளுக்குதாம்மா. சரின்னு அவங்க வாயால வரணும். என்னியும் அந்தத் தெரு வழியாவே எடுத்துகினு போங்க. ஆனா கேட்டுட்டுப் போங்க" என்றார் அப்பா.

சிறுநீரகம் பழுதாகி, பல மாதங்கள் படுக்கையில் இருந்து, கார்த்திகையில் காலமானார். ஊருக்குக் கொண்டுபோனோம். வரப்பு தண்ணீரில் மூழ்கியிருந்தது. பெரிய தெரு முனையில் நானும் தங்கையும் நின்று கேட்டோம். அப்பாவுடன் படித்த, அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"சரி, போங்க. மேளம் மட்டும் வேணாம். சத்தமில்லாம போயிடுங்கம்மா."

"உங்க சாவுக்கெல்லாம் எங்க தாத்தாதான் மேளம் அடிச்சாரு. அப்பல்லாம் நல்லாத்தான கேட்டுது? எங்க சாவுன்னா மட்டும் காது வலிக்குதா?" என்றாள் தங்கை.

பெரியவர் தம் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அடிச்சிகினே வாங்க. நான் முன்னால நடக்கறேன். நான் கீறப்ப எவனும் எதுவும் பண்ண மாட்டான்" என்றார்.

அப்பா அந்தத் தெருவில் மேளத்தோடு போனார். இருபுறமும் கதவுகள் சாத்தப்பட்டன. பாடை கடந்ததும் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் ஊற்றினார்கள். யார் சாவுக்கும் அப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

"எல்லா சாவுக்கும் ஊத்துற தண்ணிதானா, இல்ல நமக்குன்னே ஊத்துறாங்களா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"விடுண்ணா, முடியல" என்றாள்.

தை மாதத்தில் காலனியில் இன்னொரு சாவு. மறுபடியும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இம்முறை நான் போனேன்.

படுக்கையில் அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மழையில் தோள் கொடுத்த காலனி இளைஞர்களுக்கும், உடன் வேலை பார்த்த ஓட்டுநர், நடத்துநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்னால் நடந்து வந்த பெரியவருக்கும் நன்றி. தம் பெயரை இந்த மலரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.