நரையைப் பார்த்துப் போட்ட வயது

போன வாரம் நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்கினேன். வயிற்றை இளக்கும் அந்தப் பொடியை என் வயதில் எதற்கு வாங்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் வந்த நெடி, எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் எழுத்தராக இருந்த சரக்குக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய்விட்டது. கப்பலுக்குப் போகும் நிலாவரை மூடைகள் அங்கே கூரை முட்ட அடுக்கியிருக்கும். தூக்குகிறவர்களுக்கும் தும்மல், எழுதுகிற எனக்கும் தும்மல். சம்பளம்தான் வேறு.

நான் சேர்ந்த வருஷம்தான் மூடை தூக்குகிறவர்களுக்கும் பி.எஃப். வந்தது. கூலியில் ஒரு பங்கைப் பிடித்து, கம்பெனியும் ஒரு பங்கு போட்டு, ஓய்வு பெறும்போது சேர்த்துக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். வரிசையில் முன்னால் நின்ற மணப்பாட்டு மிக்கேல் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்கூலியில கைய வைக்கீரே, கெழவனானபொறவு நீரா வந்து தருவீரு?”

“கம்பெனி தரும் அண்ணாச்சி.”

“கம்பெனிக்கு வயசே ஆவாதாக்கும்?”

எப்படியோ படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். வயது என்ன என்றால் அவருக்குத் தெரியவில்லை. நான் தாமிரபரணிக்கரை வயல்காட்டு ஊர்க்காரன். பெரிய வெள்ளம் வந்ததற்கு மறுவருஷம் பிறந்தவன் என்பதுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கும் வயது. அதனால் யோசிக்கவேயில்லை. அவர் தலையைப் பார்த்தேன், பஞ்சாக வெளுத்திருந்தது. ஐம்பத்து நான்கு என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவ்வளவு பெரிய மேதாவி நான்.

நான்கு வருஷம் கழித்து, ஓய்வு பெறுகிறவர்கள் பட்டியலை நானே டைப் அடித்தேன். முதல் பெயர் மிக்கேல், வயது ஐம்பத்தெட்டு. இன்னும் மூன்று மாதம்தான் வேலை. ஆள் உயர மூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாகப் போனதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். நரையைப் பார்த்து நான் போட்ட வயது அது. நான்கே வருஷப் பிடித்தத்தை வைத்துக்கொண்டு, கல்யாணமாகாத இரண்டு பெண்களோடு அந்த மனிதர் என்ன செய்வார்?

பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் இளநரை தம்பி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா,” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கோயில் புஸ்தவத்துல ஞானஸ்நானத் தேதி இருக்குமே, அது செல்லாதா?” என்றார்.

குழந்தை பிறந்ததும் கொடுக்கும் ஞானஸ்நானத்தைக் கோயிலில் எழுதி வைப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கோயில் புத்தகம் கம்பெனிக்கு ஆகும் என்று அவருக்கும் அதுவரை தோன்றவில்லை. இரண்டு பேரும் நல்ல ஜோடி.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்கு பஸ் ஏறினோம். பூசை முடிந்து பங்குச் சாமியார் பதிவேட்டைப் புரட்டினார். அந்தோணி மகன் மிக்கேல் என்று மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்.

“ஞானத்தகப்பன் யாருப்பா?”

பிறந்த வருஷம் தெரியாத மனிதர், ஞானஸ்நானத்தின்போது தன்னை ஏந்தியவர் பெயரை மட்டும் பட்டென்று சொன்னார். “தோணித் தண்டல் சவேரியாரு, சாமி.”

மூன்றாவது மிக்கேல்தான் அவர். வயது ஐம்பது. நான் தின்ற எட்டு வருஷம் திரும்பக் கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் மணல் என்று சமாளித்தேன்.

“நரையைப் பார்த்து வயது போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்,” என்றார் மேனேஜர், மறுநாள் சாமியார் தந்த சான்றிதழைப் பார்த்துவிட்டு. போட்டேன். நான் எழுதிய அலுவலகக் கடிதங்களில் முழு உண்மை அது ஒன்றுதான்.

பெண்கள் கல்யாணத்துக்கு முன்பணம் எடுத்தது போக, எட்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றபோது ஒரு ஓட்டு வீடு கட்டி, மிச்சத்தைத் தபாலாபீசில் போடும் அளவுக்கு அண்ணாச்சிக்குப் பணம் வந்தது. பார்க்கப் போயிருந்தேன்.

“நான் எங்க தம்பி சேத்தேன்? கைக்கு வந்திருந்தா ஒத்த ரூவா மிஞ்சாது. புடிச்சாம்லா, அதான் இருக்கு. மருமவன் வந்தா நாந்தான் மீன் வாங்கிப் போடுதேன்,” என்றார்.

இன்று அந்தக் கிட்டங்கி இல்லை, மூடைகளும் இல்லை. துறைமுக ரோட்டில் டீ குடித்த ஒரு கண்டெய்னர் லாரி டிரைவரிடம் பி.எஃப். பிடித்தம் உண்டா என்று கேட்டேன். “ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி, முழுசா கைக்கு வந்துரும்,” என்றார் சந்தோஷமாக. சம்பள நாளில் பிடித்தத்தைத் திட்டிக்கொண்டு நின்ற அந்த வரிசை போய்விட்டது. அது மறுபடியும் வரவேண்டும். வந்தால், அவர்கள் திட்டுவதைக் கேட்கவே பஸ் ஏறிப் போவேன்.