அம்மாவுக்குப் பதிலாக உப்புப் பாத்தியில்

இன்று அம்மாவோடு தர்மபுரத்தில் பஸ் ஏறி, கடல்நீரேரிக் கரையில் நடக்கப் போனேன். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் வெறுங்காலோடு கூடாதாம்.

பாதையைத் தெரிவு செய்தது அம்மா. கல்யாணத்துக்கு முன் அவர் வேலை செய்த உப்பளத்தின் வரம்பு அது. உப்பளம் கைவிடப்பட்டுப் பல வருடங்கள். பாத்திகளில் இப்போது புல்லும் சேறும்தான். உப்பு வண்டி ஓடிய தண்டவாளத்தில் ஒரு துண்டு மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிகிறது.

கடைசிப் பாத்தியில் அம்மா நின்றுவிட்டார்.

"இதுதான் நான் உப்பு வாரின பாத்தி. ஒருக்கா இறங்கிட்டு வாறன்," என்று செருப்பைக் கழற்றினார்.

"ஐயோ அம்மா, முள்ளுக் குத்தினா புண் ஆறாது. செருப்போட இறங்குங்கோ."

"உப்புப் பாத்திக்க ஆரும் செருப்போட இறங்குவினமோ?"

"இப்ப உப்பே இல்லையே!"

"இல்லாட்டி என்ன? பாத்தி பாத்திதானே."

பாத்தியையும் தன் காலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நீ இறங்கு பிள்ளை."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு கணுக்கால்வரை வெதுவெதுப்பாக ஏறியது.

"அதில இல்லையடி, இன்னும் அங்கால! ஓம், அதிலதான் நான் நிக்கிறனான். குனிஞ்சு வாரு பாப்பம்."

இல்லாத உப்பை இரண்டு கையாலும் இழுத்துக் குவித்தேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கம்பஸில படிச்சு முடிச்சு என்ன, உனக்கு வாரத் தெரியேல்லையே!"

அடுத்த ஞாயிறும் அங்கேதானாம். உப்பு வாரத் தெரிந்தவர்கள் யாரும் இருந்தால், அதற்குள் கொஞ்சம் சொல்லித் தாருங்கோ.