தீட்டுக்குள் ஒரு ஒயின் ஆலை

அப்பா இறந்த ஐந்தாம் நாள் நாங்கள் ஒயின் ஆலைக்குப் போனோம். சொன்னால் சிரிப்பார்கள். பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, நாங்கள் இருக்கும் அமெரிக்க டப்ளினில் எந்த நண்பர் வீட்டுப் படியும் ஏறக்கூடாது. சனிக்கிழமையும் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள் மனைவி. தீட்டு தடுக்காத இடம் எது என்று யோசித்ததில் மிஞ்சியது அதுதான். பக்கத்து ஊரான லிவர்மோரில் கோயிலுக்குத் திரும்பும் சிக்னலைத் தாண்டி நேராகப் போனோம்.

எனக்கு அழுகையே வரவில்லை. ஈரோட்டில் தம்பி கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தவன் நான். விசா சிக்கல், வக்கீல் போகக்கூடாது என்றுவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், மனைவியிடமும்தான். பொய். போகலாம், திரும்பி வர விசா முத்திரைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்றுதான் அவர் சொன்னார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆலைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். பாதாள அறைச் சுவரில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு கல் கட்டடம், வாசலில் பெரிய குடும்பம். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்த ஒயின் ஆலையிலிருந்து வந்தவராம். அவர் கிளம்பும்போது ஆஸ்திரியாவாக இருந்த ஊர் பிறகு இத்தாலியாகிவிட்டது. கட்டடம் அசையவில்லை, எல்லைதான் நகர்ந்தது. சொந்தக்காரர்கள் இன்றும் அங்கே ஒயின் செய்கிறார்களாம். தீட்டில் குடிக்கக்கூடாதென்று மனைவி எங்களுக்குத் திராட்சைச் சாறு கேட்டு வாங்கினாள். ஒயின் ஆலைக்கு வரலாம், ஒயின்தான் ஆகாது. குடித்தேன், ருசி தெரியவில்லை.

பத்து வயது மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பிப் போனாரா?"

"இல்லை. அப்பா இறந்ததாகத் தந்தி வந்தபோது இங்கே அறுவடை. கப்பல் இருந்தது, அவர் போகவில்லை" என்றார், மழை பெய்ததைச் சொல்வதுபோல.

"எங்கள் தாத்தாவும் இப்போதுதான் இறந்தார். லாயர் அப்பாவைப் போகவிடவில்லை" என்றாள் மகள்.

பெரியவர் என் தோளைத் தொட்டார். பிறகு அந்த வக்கீலைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மனைவி தமிழில் சேர்ந்துகொண்டாள்: "அந்த ஆளு நல்லாவே இருக்க மாட்டான்." நான் தலையாட்டினேன். செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் இரண்டு மொழியில் திட்டு வாங்கினார். கூசியது. ஐந்து நாளில் எனக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

பார்க்கிங்கில் மகள் காரில் ஏறியபின் மனைவியை வெளியே நிறுத்திச் சொன்னேன். "லாயர் போலாம்னுதான் சொன்னார். நான்தான் போகல."

அவள் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அத்தை தினமும் போன் பண்ணி, எம்பையன் ஏன் வரலைன்னு என்னைத்தான் கேக்கறாங்க" என்றாள். "அந்த லாயரைத் திட்டித்தான் அவங்களைச் சமாதானப்படுத்திட்டிருக்கேன். இன்னைக்குக் கேட்டா நான் யாரைத் திட்டறது?"