செயற்கைக்கோள் கேட்காத கருவி

2009 கோடையில் என் கணவர் தனியாக ஆல்ப்ஸ் மலையேறத் திட்டமிட்டார். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் தன் பழைய கருவியை, ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் அவருடன் வேலை பார்த்த நண்பர் மலிவாகத் தர முன்வந்தார். சோதனைப் பொத்தானை அழுத்தினார், விளக்கு எரிந்தது.

"நல்லா வேலை செய்யுதுன்னா ஏன் விக்கிறீங்க?" என்றேன். அவர் பேச்சை மாற்றினார். எனக்கு உறுத்தியது.

மலையேற்றச் சாமான் கடையில் விசாரித்தேன். அந்தப் பழைய கருவி அனுப்பும் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதையே அந்த ஆண்டு நிறுத்திவிட்டனவாம். உடனே புதிய கருவி வாங்கினோம். அந்தப் பயணத்தில் கால் முறிந்து பாறையிடுக்கில் கிடந்த கணவரை மீட்க, ஹெலிகாப்டரை அழைத்தது அதுதான்.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதன் பேட்டரி காலாவதியாகிவிட்டதா என்று நானே பார்க்கிறேன். "பாத்துட்டேன்மா" என்று கணவர் சொன்னாலும் நம்புவதில்லை.